சிவப்பு விளக்கு கேமரா: டிக்கெட் வந்த பிறகு எல்லோரும் கேட்கும் கேள்விகள்

சிகாகோவுக்கு வெளியே ஒரு புறநகரில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவையாவது யாராவது வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவார்கள். காரின் பின்பக்கம், மேலே சிவப்பு விளக்கு, கீழே நூறு டாலர் அபராதம். கூடவே "இது நிஜமா ஏமாற்று வேலையா, கட்டணுமா, விசாவுக்கு ஏதாவது ஆயிடுமா" என்று மூன்று கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே. நான் வக்கீல் இல்லை, போக்குவரத்துப் பொறியாளரும் இல்லை. ஒரு டிக்கெட் வாங்கி, கடுப்பாகி, அந்தக் கடுப்பில் கிடைத்ததை எல்லாம் படித்தவன், அவ்வளவுதான்.

இந்த கேமரா எப்படித்தான் பிடிக்கிறது?

சாலைக்கு அடியில் கம்பி வளையம் இருக்கும், அல்லது கம்பத்தில் ரேடார் இருக்கும். அது சிக்னல் பெட்டியோடு இணைந்திருக்கும். பச்சையிலும் மஞ்சளிலும் யார் போனாலும் அது படம் எடுக்காது. சிவப்பு விழுந்த பிறகு ஒரு வண்டி நிறுத்தக்கோட்டைத் தாண்டினால்தான் வேலை ஆரம்பம்: கோட்டருகே வண்டி இருக்கும்போது ஒரு படம், சந்திப்புக்குள் போனதும் இன்னொரு படம், அப்புறம் சில நொடி வீடியோ. படத்தின் மேலேயோ கீழேயோ ஒரு பட்டையில் தேதி, நேரம், மஞ்சள் எத்தனை நொடி எரிந்தது, சிவப்பு விழுந்து எத்தனை நொடி கழித்து நீங்கள் கோட்டைத் தாண்டினீர்கள் என்பதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். எல்லோரும் தன் நம்பர் பிளேட்டைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அந்தப் பட்டையை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மஞ்சளில் உள்ளே நுழைந்து நடுவில் இருக்கும்போது சிவப்பு விழுந்தால் இலினாயில் (சிகாகோ இருக்கும் மாநிலம்) அது குற்றமில்லை. நிறையப் பேர் இதற்குப் பயந்து நடுச் சந்திப்பில் பிரேக் போடுகிறார்கள், அதுதான் ஆபத்து.

ஒரு கொசுறுச் செய்தி. இந்த வகைக் கேமராக்களுக்கு வழிபோட்ட காட்சோ கம்பெனியை ஆரம்பித்தவர் மாரிஸ் காட்சொனிடீஸ் என்ற டச்சுக்காரர். 1953-ல் மான்டி கார்லோ ராலி ஜெயித்தவர். வளைவில் இன்னும் வேகமாகப் போவது எப்படி என்று தன்னையே அளந்து பார்க்கத்தான் முதலில் கருவி செய்தார். வேகமாகப் போகக் கண்டுபிடித்தது, இன்று வேகமாகப் போகிறவனைப் பிடிக்கிறது.

சரி, விபத்து நிஜமாகவே குறைகிறதா?

இதற்கு "ஆமாம்" என்றோ "இல்லை" என்றோ ஒரே வார்த்தையில் சொல்கிறவரை நம்பாதீர்கள். இரண்டு வகை விபத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று பக்கவாட்டில் வந்து கதவில் மோதுவது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் இதுதான், ஏனென்றால் காரின் பக்கத்தில் உங்களுக்கும் எதிராளியின் பம்பருக்கும் நடுவில் ஒரு கதவுத் தகடுதான் இருக்கிறது. இன்னொன்று முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் அடிக்க, பின்னால் வருகிறவர் போய் இடிப்பது. கழுத்து வலி, பம்பர் செலவு, சில சமயம் அதற்கு மேலும்.

கேமரா வந்தால் முதல் வகை குறைகிறது, இரண்டாம் வகை கூடுகிறது. அநேகமாக எல்லா நல்ல ஆய்விலும் வருவது இதுதான். அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 2005-ல் ஏழு ஊர்களில் 132 இடங்களைப் பார்த்து வெளியிட்ட ஆய்வில் பக்கவாட்டு மோதல் 24.6 சதவீதம் குறைந்திருந்தது, பின்மோதல் 14.9 சதவீதம் கூடியிருந்தது. இரண்டையும் பண மதிப்பில் போட்டு கூட்டிக் கழித்ததில் கொஞ்சம் லாபம்தான் என்று முடித்தார்கள். சிகாகோவுக்கென்று நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2017-ல் செய்ததில் காயம் ஏற்படுத்தும் விபத்துகள் மொத்தத்தில் 10 சதவீதம் குறைவு, பக்கவாட்டு, திருப்ப மோதல்கள் 19 சதவீதம் குறைவு, பின்மோதல் 14 சதவீதம் கூடுதல்.

அதற்கு மூன்று வருடம் முன்னால் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை தன் செலவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆட்களை வைத்துச் செய்த ஆய்வு இவ்வளவு தாராளமாக இல்லை: காயம் ஏற்படுத்தும் பக்கவாட்டு மோதல் 15 சதவீதம் குறைவு, காயம் ஏற்படுத்தும் பின்மோதல் 22 சதவீதம் கூடுதல். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒரு விஷயம். வருடத்துக்கு நான்குக்கும் குறைவான காய விபத்து நடந்த சந்திப்புகளில் கேமராவால் பாதுகாப்பு லாபம் எதுவுமே தெரியவில்லை. அமைதியான இடத்தில் கேமரா வைத்தால் விபத்து குறைய இடமே இல்லை, பின்மோதல் மட்டும்தான் கூடும். எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

காப்பீட்டு கம்பெனிகள் உயிர் காக்கிறது என்கின்றன, ஹூஸ்டன் ஆய்வு பிரயோஜனமே இல்லை என்கிறதே?

இரண்டுமே நேர்மையான ஆய்வுகள்தான், பார்த்த இடம் வேறு. காப்பீட்டு நிறுவனங்கள் பணம் போட்டு நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு மையம் 2016-ல் வெளியிட்டது சாவுக் கணக்கை மட்டும் பார்த்தது. கேமரா வைத்த பெரிய நகரங்களில், சிவப்பை மீறியதால் நடந்த உயிர்ப்பலி விபத்துகள் தலைக்கு 21 சதவீதம் குறைவு, கேமராவை அணைத்துவிட்ட நகரங்களில் 30 சதவீதம் கூடுதல். சாவு என்பது பெரும்பாலும் பக்கவாட்டு மோதல் விஷயம், அதனால் இந்த எண் பெரிதாக வருவதில் ஆச்சரியமில்லை.

ஹூஸ்டனில் 2010 நவம்பரில் மக்கள் ஓட்டுப்போட்டு கேமராவை எடுக்கச் சொன்னார்கள். பொருளாதார ஆய்வாளர்களுக்கு இப்படி ஒரு நாள் லட்டு மாதிரி. மோசமான சந்திப்பா பார்த்து அதிகாரி எடுக்கவில்லை, ஓட்டில் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் போய்விட்டது. கேலகர், ஃபிஷர் என்ற இருவர் அதை வைத்துப் பார்த்ததில், கேமரா போனதும் பக்கவாட்டு மோதல் 26 சதவீதம் கூடியது, மற்ற வகை விபத்துகள் 18 சதவீதம் குறைந்தன, மொத்தத்தில் கேமராவால் விபத்தோ காயமோ குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்றார்கள்.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. போன வருடம் பத்து விபத்து நடந்த சந்திப்பில் கேமரா வைக்கிறீர்கள், இந்த வருடம் ஆறு. உடனே மேயர் மைக்கைப் பிடித்துவிடுவார். ஆனால் பத்து என்பது துரதிர்ஷ்டமான வருடமாக இருந்திருக்கலாம், சும்மா விட்டிருந்தாலும் ஏழுக்கு வந்திருக்கும். நகராட்சிகள் கொடுக்கும் "முன், பின்" கணக்கில் பாதி இப்படித்தான். நல்ல ஆய்வு இதைக் கழித்துவிட்டுப் பேசும்.

மஞ்சளை வேண்டுமென்றே குறைத்து வைக்கிறார்களா?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மஞ்சள் எத்தனை நொடி எரிய வேண்டும் என்பதற்கு 1960-ல் கேசிஸ், ஹெர்மன், மாராடுடின் என்ற மூவர் எழுதிய கணக்கு இருக்கிறது, இன்றுவரை அதுதான் அடிப்படை. விளக்கு மாறியதைப் பார்த்து காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒரு நொடி, அப்புறம் வண்டி சுமாராக நிதானமாக நிற்க ஆகும் நேரத்தில் பாதி. நிதானம் என்றால் நொடிக்கு நொடி 3.05 மீட்டர் வேகம் குறைவது. சிகாகோ தெருக்களில் சாதாரணமான 30 மைல் வேகத்தைப் போட்டுப் பார்க்கலாம். அது நொடிக்கு 13.4 மீட்டர். கணக்குப் போட்டால் 3.2 நொடி மஞ்சள் வேண்டும். சிகாகோ 30 மைல் தெருக்களில் வைத்திருப்பது 3 நொடி.

0.2 நொடிதானே என்று தோன்றும். தரையில் அது என்ன என்று பாருங்கள். 30 மைலில் வருகிறவர் நிதானமாக நிற்க சுமார் 43 மீட்டர் வேண்டும். 3 நொடி மஞ்சளில் அதே வேகத்தில் அவர் 40 மீட்டர்தான் போக முடியும். ஆக, மஞ்சள் விழும்போது கோட்டிலிருந்து 40-க்கும் 43-க்கும் நடுவில் இருக்கிறவர் நிதானமாக நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன்னால் கோட்டைத் தாண்டவும் முடியாது. இரண்டரை மீட்டர் நீளத்துக்கு சாலையில் ஒரு பொறி. அதில் மாட்டியவர் ஒன்று பிரேக்கை அழுத்தி மிதித்து பின்னால் இடி வாங்க வேண்டும், இல்லையென்றால் 0.1, 0.2 நொடி சிவப்பில் தாண்டி டிக்கெட் வாங்க வேண்டும். அவர் ரவுடி இல்லை, தப்பான இடத்தில் இருந்தார்.

மத்திய அரசின் கையேடு 3 நொடிக்குக் குறையக்கூடாது என்கிறது. 2014-ல் சிகாகோவில் கேமராக்களை நடத்தும் ஒப்பந்தக்காரர் மாறியபோது, சத்தமில்லாமல் 2.9 நொடி மஞ்சள் வந்த டிக்கெட்டுகளும் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். மின்சார ஏற்ற இறக்கத்தில் அப்படி அளவு விழும், பெரிய விஷயமில்லை என்றார்கள். நகர நிர்வாகத்தின் முறைகேடுகளை விசாரிக்கும் தலைமைக் கண்காணிப்பாளர் தோண்டியபோது அந்த ஒரு பத்தில் ஒரு நொடியில் மட்டும் சுமார் 77,000 டிக்கெட், 77 லட்சம் டாலர் என்று தெரிந்தது. அப்புறம் பழையபடி மாற்றினார்கள். பணத்தைத் திருப்பித் தரவில்லை.

அதனால்தான் படத்தில் அந்தப் பட்டையைப் பாருங்கள் என்று சொன்னேன்.

மஞ்சளை நீட்டினால் ஜனங்கள் அதற்கும் பழகிவிட மாட்டார்களா?

கொஞ்சம் பழகுவார்கள். ஆனாலும் பிலடெல்பியாவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். முதலில் மஞ்சளை ஒரு நொடி நீட்டினார்கள், கேமரா இல்லை, சிவப்பை மீறுவது 36 சதவீதம் குறைந்தது. அதற்கு மேல் கேமரா வைத்தார்கள், மீதி இருந்ததில் 96 சதவீதம் காணாமல் போனது. எனக்கு இந்த ஒரு ஆய்வு போதும். முதலில் மஞ்சளைச் சரியாக வை, அதற்கு அப்புறமும் மீறுகிறவன் வேண்டுமென்றே மீறுகிறவன், அவனைப் பிடி. வரிசை இதுதான். நிறைய ஊர்கள் இரண்டாவதை மட்டும் செய்கின்றன, ஏனென்றால் முதலாவதில் வரும்படி இல்லை.

ஜார்ஜியா மாநிலத்தில் 2009-லிருந்து கேமரா உள்ள சந்திப்புகளில் மஞ்சளை ஒரு நொடி கூட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. டிக்கெட் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது, சில ஊர்கள் கட்டுப்படியாகவில்லை என்று கேமராவையே எடுத்துவிட்டன. பாதுகாப்புக்காக வைத்த கேமரா என்றால் டிக்கெட் குறைந்ததற்கு இனிப்பு அல்லவா கொடுத்திருக்க வேண்டும்?

யாரோ ஒருவர் இந்தக் கணக்கைச் சொன்னதற்கே அபராதம் கட்டினாராமே?

உண்மைதான். ஒரிகனில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம், ஸ்வீடனில் மின்னணுவியல் படித்தவர். அவர் மனைவிக்கு 2013-ல் கேமரா டிக்கெட் வந்தது. மனிதர் உட்கார்ந்து 1960 கணக்கைப் பிரித்துப் பார்த்தார். அது நேராகப் போகிற வண்டிக்குத்தான் பொருந்தும், திரும்புகிறவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போவதால் அவருக்கு இன்னும் நேரம் வேண்டும் என்று கண்டார். மாநிலப் பொறியாளர் வாரியத்துக்கு எழுதினார். பதிலுக்கு அவர்கள், உரிமம் இல்லாமல் பொறியியல் தொழில் செய்தீர்கள் என்று 500 டாலர் அபராதம் போட்டார்கள். கேஸ் போட்டு 2018-ல் ஜெயித்தார். 2020-ல் போக்குவரத்துப் பொறியாளர் கழகம் தன் பரிந்துரையைத் திருத்தி, திரும்புகிறவர்களுக்கும் கணக்கில் இடம் கொடுத்தது.

இதை எந்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறது?

நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் தலைகீழ். டெக்சாஸ் 2019-ல் தடைசெய்துவிட்டது (பழைய ஒப்பந்தம் முடியும் வரை சில ஊர்களுக்கு விட்டுக் கொடுத்தார்கள்). நியூயார்க் நகரம் எதிர்த் திசை: 150 சந்திப்பு என்று இருந்த வரம்பை 600 ஆக்க 2024-ல் மாநிலம் அனுமதித்தது, அங்கே அபராதம் 50 டாலர். கலிஃபோர்னியாவில் பல வருடமாக ஓட்டுநரின் முகம் தெரிய வேண்டியிருந்தது, ஏனென்றால் அங்கே டிக்கெட் ஓட்டினவருக்குப் போனது, அபராதமும் கூடுதல் கட்டணங்களோடு பல நூறு டாலராக இருந்தது.

இலினாயில் சிகாகோவைச் சுற்றியும் செயின்ட் லூயிஸ் பக்கமும் உள்ள எட்டு கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) மட்டும்தான் அனுமதி. டிக்கெட் வண்டிச் சொந்தக்காரருக்கு. 100 டாலருக்கு மேல் போடக்கூடாது, தாமதமானால் இன்னொரு 100. வீடியோவை நீங்கள் இணையத்தில் பார்க்க வழி இருக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்று சந்திப்பில் பலகை வைக்க வேண்டும். ஒவ்வொரு ஊரும் தன் கேமராக்களால் பாதுகாப்பு எப்படி மாறியது என்ற புள்ளிவிவரத்தை வெளியிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், கேமரா கம்பெனிக்குக் கொடுக்கும் பணம் டிக்கெட் எண்ணிக்கையைப் பொறுத்து இருக்கக்கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கம்பெனிக்கு டிக்கெட் கணக்கில் பணம் இல்லை சரி, ஊருக்கு?

சிகாகோ லஞ்ச விவகாரம் என்ன?

சிகாகோ 2003-ல் ஆரம்பித்து நாட்டிலேயே பெரிய கேமரா வலையாக வளர்ந்தது. ஒப்பந்தம் ரெட்ஃப்ளெக்ஸ் என்ற ஆஸ்திரேலிய கம்பெனியின் அமெரிக்கக் கிளைக்கு. நகரப் போக்குவரத்துத் துறையில் இதை மேற்பார்த்த ஜான் பில்ஸ், கேமராவுக்கு இவ்வளவு என்று வாங்கியிருக்கிறார், 2,000 டாலர் வரை. ரொக்கம், அரிசோனாவில் ஒரு வீடு, ஒரு மெர்சிடிஸ். 2016-ல் பத்து வருடச் சிறை. ரெட்ஃப்ளெக்ஸ் கிளையின் முன்னாள் தலைவி கேரன் ஃபின்லிக்கு 30 மாதம். கம்பெனி நகரத்துக்கு 2 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது.

அத்தோடு முடியவில்லை. புறநகர்களில் இயங்கிய இன்னொரு கேமரா கம்பெனிக்கு சட்டமன்றத்தில் காவலாக இருப்பதாகச் சொல்லி பணம் வாங்கியதாக, மாநில செனட்டின் போக்குவரத்துக் குழுத் தலைவராக இருந்த மார்ட்டின் சாண்டோவல் 2020 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இதெல்லாம் நடந்ததால்தான் "எல்லாமே கொள்ளை" என்று ஜனங்கள் முடிவுகட்டிவிட்டார்கள். கேமராவுக்கு எதிரான பெரிய வாதமே விபத்து எண் இல்லை, இந்த ஆட்கள்தான்.

அப்புறம் இன்னொரு தகவல், பழைய டிக்கெட்காரர்களுக்கு: தாமதக் கட்டணம் போடுவதற்கு முன் அனுப்ப வேண்டிய இரண்டாவது நோட்டீஸை அனுப்பாமல் விட்டதற்காக சிகாகோ 2017-ல் 3.875 கோடி டாலருக்கு ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. அதற்கு விண்ணப்பிக்கும் காலம் போய்விட்டது, இப்போது என்னைக் கேட்டுப் பயனில்லை.

சிவப்பு விழுந்து எவ்வளவு நேரம் வரை மன்னிப்பு?

சிகாகோவில் முதலில் 0.1 நொடி. நார்த்வெஸ்டர்ன் ஆய்வின் பரிந்துரைப்படி 2017-ல் 0.3 ஆக்கினார்கள். 30 மைலில் அது நான்கு மீட்டர் தூரம். மேலே சொன்ன இரண்டரை மீட்டர் பொறியை இது மூடிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். மஞ்சளை நீட்டாமல் பின்வாசல் வழியாகக் கொடுத்த நிவாரணம் என்று வைத்துக்கொள்ளலாம். புறநகர்களில் ஊருக்கு ஊர் பழக்கம் வேறு.

நான் நேராகப் போகவில்லை, வலதுபக்கம்தானே திரும்பினேன்?

நம் ஆட்களுக்கு வரும் டிக்கெட்டில் பாதி இதுதான். எனக்கு வந்ததும் இதுதான். நம்மூரில் இடதுபக்கம் ஃப்ரீ லெஃப்ட் என்று பழகிய மனம், இங்கே சிவப்பில் வலது திரும்பலாம் என்றதும் அதையே எடுத்துக்கொள்கிறது. சட்டம் சொல்வது, முழுதாக நின்று, பார்த்து, அப்புறம் திரும்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயிலிலிருந்து திரும்பி வருகிறேன், பின்சீட்டில் மகள் புளியோதரைப் பொட்டலத்தைத் திறந்து வைத்திருக்கிறாள். வீடியோவில் பார்த்தால் பிரேக் விளக்கு எரிகிறது, கார் தவழ்கிறது, தவழ்கிறது, நிற்கவே இல்லை, அப்படியே வழுக்கிக்கொண்டு திரும்புகிறது. நான் நின்றேன் என்று சத்தியம் செய்திருப்பேன். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். நான்காவது தடவை மனைவி வந்து பார்த்துவிட்டு, "எங்க நின்னீங்க?" என்றாள்.

தெருவில் ஒரு ஆள் இல்லை, ஒரு வண்டி இல்லை. இப்படித் தவழ்ந்து திரும்புவதையும், 45 மைலில் சிவப்பைக் கிழித்துக்கொண்டு போவதையும் ஒரே 100 டாலரில் கட்டுவது எனக்கு இன்னும் நியாயமாகப் படவில்லை. ஆனால் நடைபாதைக்காரர் வலப்பக்கத்திலிருந்து இறங்கும்போது, ஓட்டுநர் இடப்பக்கம் வரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு உருட்டுவார் என்பதும் நிஜம். இலினாய் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு: கோட்டைத் தாண்டி நின்றாலும், முழுதாக நின்று, சந்திப்புக்குள் போகாமல், நடப்பவரோ சைக்கிள்காரரோ அங்கே இல்லாமல் இருந்தால் டிக்கெட் போடக்கூடாது. வீடியோவில் சக்கரம் ஒரு கணமாவது நின்றிருந்தால் எதிர்த்து எழுதுங்கள்.

ஓட்டினது நான் இல்லையே, கார் மட்டும்தானே என்னுடையது?

கார் உங்களுடையது என்றால் போதும். "ஓட்டினது யாரென்றே தெரியாமல் எப்படி தண்டனை" என்று சிகாகோவை எதிர்த்துப் போன வழக்கில் 2009-ல் ஏழாவது வட்டார மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், சிவப்பை மீறுவது யாருக்கும் அடிப்படை உரிமை இல்லை என்கிற ரீதியில் தள்ளுபடி செய்துவிட்டது. ஆனால் எல்லா இடத்திலும் இப்படி இல்லை. மினசோட்டா உச்ச நீதிமன்றம் 2007-ல் மினியாபொலிஸ் கேமரா விதியை ரத்துசெய்தது, மிசௌரி உச்ச நீதிமன்றம் 2015-ல் செயின்ட் லூயிஸின் விதியை. கார் விற்றாகிவிட்டது, திருடுபோயிருந்தது, ஆம்புலன்ஸுக்கு வழி விட்டேன், சவ ஊர்வலத்தில் போனேன், அதே மீறலுக்குப் போலீஸ் ஏற்கெனவே டிக்கெட் கொடுத்தது: இவைதான் சிகாகோவில் எடுபடும் காரணங்களில் சில. வாடகைக் கார் என்றால் டிக்கெட் முதலில் அவர்களுக்குப் போய், அவர்கள் உங்கள் பேரைக் கொடுத்து, மேலே ஒரு நிர்வாகக் கட்டணமும் உங்கள் அட்டையில் இழுத்துவிடுவார்கள்.

இன்சூரன்ஸ் ஏறுமா? விசா, கிரீன் கார்டு?

இலினாயில் இது வண்டியின் மேல் போடும் சிவில் அபராதம், ஓட்டுநர் பதிவேட்டில் ஏறாது, அதனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிய வழியில்லை. கிரிமினல் வழக்கும் இல்லை. குடியேற்றப் படிவங்களில் என்ன எழுதுவது என்று சந்தேகம் இருந்தால் உங்கள் வக்கீலிடம் கேளுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் கேட்காதீர்கள்.

கட்டாமல் விட்டால்?

விடாதீர்கள். 100 என்பது 200 ஆகும், மூன்று டிக்கெட் சேர்ந்தால் சிகாகோவில் காரின் சக்கரத்தில் மஞ்சள் பூட்டு. முன்பெல்லாம் லைசென்ஸையும் முடக்குவார்கள், அதை 2021-ல் எடுத்துவிட்டார்கள்.

இதில் மனசுக்குக் கஷ்டமான விஷயமும் இருக்கிறது. ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் சிகாகோவின் 2015 முதல் 2019 வரையான கேமரா டிக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தபோது, கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கர்களும் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளின் வீடுகளுக்கு வெள்ளையர் பகுதிகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு டிக்கெட் போயிருந்தது. கேமராவுக்கு நிறம் தெரியாது, ஆனால் அகலமான, வேகம் பிடிக்கிற சாலை எந்தப் பேட்டைக்குள் போகிறது என்பது யாரோ ஒருவர் எப்போதோ முடிவுசெய்தது. எனக்கு நூறு டாலர் ஒரு நாள் எரிச்சல். மாதக் கடைசியில் வாடகைக்கு அல்லாடுகிறவருக்கு அது இருநூறாகி, பூட்டாகி, வேலைக்குப் போக வண்டி இல்லாமல் ஆகும்.

இந்தியாவில் எப்படி? சென்னையில் அப்பாவுக்கு செல்லான் வந்திருக்கிறது.

2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 136ஏ பிரிவு சேர்த்து கேமரா கண்காணிப்புக்கு வழிசெய்தார்கள், 2021 ஆகஸ்டில் 167ஏ விதி வந்தது. அதன்படி கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சான்றிதழ் வேண்டும், கேமரா இருப்பதாகப் பலகை வேண்டும், மீறல் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும், படத்தில் இடம், நேரம், நம்பர் பிளேட் தெரிய வேண்டும். சிவப்பைத் தாண்டுவது 184-வது பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே சேர்க்கப்பட்டுவிட்டது. அப்பாவின் செல்லானில் உள்ள படத்தைத் திறந்து வண்டி அவருடையதுதானா என்று முதலில் பாருங்கள், அடுத்த கேள்வி அப்புறம்.

கடைசியில் நீங்கள் எதிர்த்து எழுதினீர்களா?

இல்லை, கட்டிவிட்டேன். வீடியோவில் நான் நிற்கவே இல்லையே. கட்டின மறுவாரம் அந்தச் சந்திப்பில் ஓரமாக நின்று போனில் மஞ்சளை அளந்தேன், ஐந்து தடவை. 45 மைல் சாலை, கணக்குப்படி 4.3 நொடி. ஐந்து தடவையும் நாலரைக்குப் பக்கத்தில் வந்தது, சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இப்போது அந்த இடத்தில் வலதுபக்கம் திரும்பும்போது பின்சீட்டிலிருந்து மகள் சத்தமாக "ஒண்ணு, ரெண்டு, மூணு" எண்ணுகிறாள், பின்னால் வருகிறவர் ஹார்ன் அடிக்கிறார்.